ஒரே எண்ணில் இரண்டு அறிக்கைகள்

மதிப்பிற்குரிய டாக்டர்,

நாளை என் மகளுக்கு ஆண்டுதோறும் எடுக்கும் மூளை ஸ்கேன். அதற்காக இன்று காலை அவளுடைய கோப்பைத் திறந்தேன். மேலேயே இருந்தன அந்த இரண்டு பரிசோதனை அறிக்கைகள்: ஒரே பெயர், ஒரே எண், வெவ்வேறு முடிவுகள். நீங்கள் மறைந்த பின் வரும் முதல் ஸ்கேன் இது. உங்கள் அறையில் இப்போது வேறொரு மருத்துவர் இருக்கிறார்.

அப்போது அவளுக்கு ஆறு வயது. சிறுமூளையில் வளர்ந்திருந்த கட்டியை அகற்றிவிட்டு வந்த நீங்கள், நாங்கள் கேட்கும் முன்பே சொன்னீர்கள்: "ஒரு சின்னத் துண்ட விட்டுட்டேன். மூளைத்தண்டோட ஒட்டிக்கிட்டிருந்துச்சு. இழுத்திருந்தா பிள்ளைக்கு முழுங்குறது, மூச்சு எல்லாம் போயிருக்கும்."

முதல் அறிக்கை நுண்ணோக்கியில் பார்த்து எழுதப்பட்டது. எஞ்சிய துண்டை முன்னிட்டு, கதிர்வீச்சின் அளவைக் கூட்ட நேரலாம் என்றீர்கள். மூன்றாம் வாரம் இரண்டாவது அறிக்கை வந்தது. கட்டியின் மரபணுக்களைச் சோதித்ததில், அது சிகிச்சைக்கு நன்கு கட்டுப்படும் வகை என்று தெரிந்ததாம். துண்டுக்காக அளவைக் கூட்ட வேண்டியதில்லையாம். என் மனைவி மகிழ்ச்சியில் அழுதாள். நானோ இரண்டு அறிக்கைகளையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். துண்டை விட்டவர் நீங்கள். அது பொருட்டல்ல என்னும் தாள் வந்ததோ உங்கள் மருத்துவமனையிலிருந்தே.

கையொப்பமிட்ட ஆவணம் பின்னர் மாறினால், அம்மாற்றத்தால் பயனடைபவர் யார் என்று கேட்கவே வழக்கறிஞனான நான் பயின்றிருந்தேன். நுண்ணோக்கியின் முடிவு முதலிலும், மரபணுச் சோதனையின் முடிவு பிறகும் வந்து, இரண்டும் சேர்ந்தே நோயின் பெயராகும் என்ற உங்கள் துறையின் நடைமுறையை அப்போது நான் அறிந்திருக்கவில்லை. குறைந்த கதிர்வீச்சு என் மகளைக் காப்பதற்கா, உங்களைக் காப்பதற்கா? கதிர்வீச்சுக்கான சம்மதப் படிவத்தில் கையெழுத்திட மறுத்தேன். அன்றே உங்கள் மீது மருத்துவமனை நிர்வாகத்திடம் புகாரும் அளித்தேன்.

மறுநாள் தொலைபேசியில் நீங்களே அழைத்தீர்கள்.

"வக்கீல் சார், சந்தேகப்படுங்க, தப்பே இல்ல. ஸ்லைடு, கட்டித் துணுக்கு எல்லாம் தர்றேன். வேற ஆஸ்பத்திரில கொடுத்துப் பாருங்க. ஆனா கட்டி உங்களுக்காகக் காத்திருக்காது லா. அடுத்த வெள்ளிக்கிழமை வரைக்கும்தான் டைம்."

வெள்ளிக்கிழமை காலை, வேறு மருத்துவமனையும் அதே முடிவைத் தந்தது. நண்பகலில் கையெழுத்திட்டேன். புகாரை இரண்டே வரிகளில் திரும்பப் பெற்றேன். மன்னிப்பு என்ற சொல் அதில் இல்லை. மன்னிப்புக் கேட்பது குற்றத்தை ஒப்புக்கொள்வதாகும் என்று கட்சிக்காரர்களுக்கு எச்சரிப்பவன் நான்.

புகார் உங்கள் காதுக்கு எட்டியிருக்குமோ என்று அதன்பின் ஒவ்வொரு சந்திப்பிலும் உங்கள் முகத்தை ஆராய்ந்தேன். புகாரைப் பற்றி ஒரு சொல்லும் வரவில்லை. மகளை ஒரே கோட்டில் நடக்கச் சொல்வீர்கள். அவள் தடுமாறினால் நீங்களும் தடுமாறிக் காட்டுவீர்கள். உங்கள் கனிவுக்கு உள்நோக்கம் உண்டோ என்றுகூட ஐயுற்றேன்.

ஒரு ஞாயிறு தேக்கா சந்தையில், மீன் பையுடன் நின்ற எங்களைக் கண்டீர்கள்.

"என்ன சார், மீன் புதுசுதானான்னு மூணு கடைல விசாரிச்சாச்சா?"

"நாலு கடை அங்கிள்!" என்றாள் மகள். நீங்கள் இருவரும் சிரித்தீர்கள். வெறும் வேடிக்கையா, புகாரைக் குத்திக் காட்டினீர்களா? செங்காங்கில் மனைவியின் தாய் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அதையே எடைபோட்டேன்.

சென்ற மாதம் நீங்கள் குடியிருந்த அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் இறுதி மரியாதைக்காக உங்களைக் கிடத்தியிருந்தார்கள். உங்கள் மனைவி என் பெயரைக் கேட்டதும் நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்கதானா அந்த வக்கீல்? உங்களப் பத்தி நெறைய சொல்லியிருக்காரு."

என்ன சொன்னீர்கள் என்று நான் கேட்கவில்லை. விடை தெரியாத கேள்வியைச் சாட்சியிடம் கேட்கலாகாது என்பது எங்கள் விதி. அவ்விதியின் பின்னால் ஒளிந்துகொண்டு வீடு திரும்பினேன்.

டாக்டர், அன்று தவறிழைத்தவன் நான். இதை எந்த நிபந்தனையும் இன்றி ஒப்புக்கொள்கிறேன். மகளுக்கு இப்போது பதினான்கு வயது. ஒரு கேள்வி மட்டும் என்னிடம் தங்கிவிட்டது. என் புகாரை அறியாமல் அவளை அவ்வளவு அன்போடு பார்த்துக்கொண்டீர்களா, அறிந்தேதானா? அறியாமல் என்றால் என் மனம் சற்று இலேசாகும்.

அறிந்தே என்றுதான் சந்தேகிக்கிறேன்.