வாய் நிறையப் பஞ்சு

டாக்டரம்மாவுக்கு,

நேற்று உன் நாற்காலியில் வாயைப் பிளந்துகொண்டு படுத்திருந்தேன். வாய் நிறையப் பஞ்சு. அதனால்தான் நீ தப்பித்தாய். "யாரு டாக்டர் இவங்க? உங்க ஜாடை அப்படியே இருக்கே" என்று நர்ஸ் கேட்டாள். நீ கண்ணிமைக்காமல் சொன்னாய்: "எங்க அத்தை. அப்பாவோட கூடப்பிறந்தவங்க. அப்பா போன வருஷம் தவறிட்டாரு."

அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணன் போனது உங்களுக்கும் தாங்க முடியாத கஷ்டம்தாம்மா" என்றாள். என் சாவுக்கு நானே தலையாட்டினேன்.

போன வருடம், ஐம்பத்தெட்டு வயதில், நான் பெண் என்பதை முதலில் உன்னிடம்தான் சொன்னேன். "எனக்கு ஒண்ணும் இல்லப்பா, நீங்க நிம்மதியா இருந்தா போதும்" என்றாய். அந்த வார்த்தையை நம்பித்தான் தெருவில் தலைநிமிர்ந்து நடந்தேன்.

திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். வராதே என்றிருந்தால் வேறு டாக்டரைப் பார்த்திருப்பேன். முப்பது வருடம் பஸ் ஓட்டினேன். ஒரு உயிர்கூட என் சக்கரத்தில் போனதில்லை. நீ கையில் இடுக்கியை வைத்துக்கொண்டு ஒரே வரியில் என்னைக் கொன்றுவிட்டாய்.

அம்மா இல்லாத வீட்டில் உனக்குத் தலைவாரிவிட்டது எந்த அத்தை?

புதன்கிழமை தையல் பிரிக்க உன்னிடமேதான் வருவேன். என்னை யாரென்று சொல்வது என்பதை அதற்குள் முடிவு செய். நீ சொல்லாவிட்டால் நான் சொல்வேன்.

பல்லைப் பிடுங்கியபோது துளிகூட வலிக்கவில்லை. இவ்வளவு ஆத்திரத்திலும் அதை நினைத்தால் பெருமையாக இருக்கிறது. அதுதான் இன்னும் எரிகிறது.

உன்னை வளர்த்தவள்