வழியில் நின்றவன்

ஜனவரி 14, புதன்

பங்குச் சாமியார் சொல்லிவிட்டார், எழுதித்தான் ஆக வேண்டும். தினமும் பூசையில் வாசிக்கிற நற்செய்தியில் மனதில் தங்கியதை ஒரு வரி எழுதணுமாம். "ஒரு வரி போதும். உங்களுக்கு ஒரு வரிதான் கஷ்டம்"னு சிரித்தார். பேரன் வயசு அவருக்கு, ஆனாலும் ஆளை எடை போடத் தெரிகிறது.

நான் பள்ளிக்கூடம் போனவன் இல்லை. முடி வெட்டப் பழகின சலூனில் கிடந்த பேப்பரைப் பார்த்துப் பார்த்து எழுத்துக் கூட்டினவன். அதனால் எனக்கு முதலில் படிக்கத் தெரிந்தது மரண அறிவித்தல்தான். அப்புறம் சினிமா. அப்புறம்தான் வேதம். அது கிடக்கட்டும்.

இன்றைக்கு வாசித்தது சீமோனுடைய மாமியார் கதை. காய்ச்சலாகப் படுத்திருந்தவளை ஆண்டவர் கையைப் பிடித்துத் தூக்கினார், எழுந்து எல்லாருக்கும் பணிவிடை செய்தாள். காய்ச்சல் விட்டதும் அடுப்படிக்குப் போன மாமியாரை நான் கண்டதில்லை. என் மாமியார் காய்ச்சல் இல்லாதபோதே போகமாட்டாள். இதை வீட்டுக்காரியிடம் சொன்னேன். சாப்பாடு தாமதமாகத்தான் வந்தது.

ஜனவரி 18, ஞாயிறு

பூசை முடிந்து கொத்தனாருக்கு நன்மை கொண்டுபோனேன். சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு போனவன். இப்போது நெஞ்சிலும் சளி கட்டிவிட்டது. கோயிலுக்கு வர முடியாதவர்களுக்கு இந்த நன்மையை, அதாவது நற்கருணை அப்பத்தை, கொண்டுபோக எங்களில் சிலருக்குச் சாமியார் அனுமதி கொடுத்திருக்கிறார். அப்பத்தைச் சிமிழில் வைத்து, சிமிழைத் துணிப்பையில் வைத்து, பையைக் கழுத்தில் மாட்டிவிடுவார். மாட்டும்போதே ஒவ்வொரு வாரமும் சொல்வது: "நேரா போங்க. யார்கிட்டயும் நின்னு பேசாதீங்க. உங்க நெஞ்சில யார் இருக்காருன்னு நினைச்சுக்கிட்டே நடங்க."

சரி சாமி என்பேன்.

கழுத்தில் ஆண்டவர், கையில் சவரப் பை. முதலில் நன்மை, பிறகு சவரம், பிறகு ஒரு கதை. கொத்தனார் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை வரிசை அது.

படுத்தபடியே எதிர்ச்சுவரைப் பார்த்துப் பார்த்து அவனுக்கு ஒரு எரிச்சல். "இந்தச் சுவர வச்சவன் தூக்கக் கலக்கத்துல வச்சிருக்கான் மச்சான். மேல போகப் போகச் சாயுது பாரு. நான் செத்தா இதைப் பாக்குற தொல்லை போகும்."

"சாவு சும்மாக் கூப்பிட்டா வராதுடா, சுவரைச் சாக்கு வச்சா வந்துடுமா?" என்றேன்.

அவன் பெண்சாதி, எனக்குத் தங்கச்சி முறை, கதவோரம் நின்று சொன்னாள்: "அண்ணே, மணிச்சத்தம் கேட்டதுமே வாய் கொப்பளிச்சு விடுன்னு ஒரே பிடுங்கல். அப்பவே கையைக் கட்டிக்கிட்டுப் படுத்துட்டாரு. ராஜா வர்ற மாதிரி."

"வர்றவர் ராஜாதானே" என்றான்.

ஒரு வரிக்கு மேல் போய்விட்டது. சாமியார் கேட்டால் பெரிய எழுத்து என்று சொல்லிக்கொள்ளலாம்.

ஜனவரி 21, புதன்

கை சூம்பினவனை ஆண்டவர் குணமாக்கினார். ஓயாத வாய்க்கு என்ன மருந்து என்று அங்கே யாரும் கேட்கவில்லை.

ஜனவரி 25, ஞாயிறு

வலை வீசிக்கொண்டிருந்தவர்களைக் கூப்பிட்டார். உடனே வலையை விட்டுவிட்டுப் போனார்கள். "உடனே" என்கிற சொல்லை வாசிக்கிறவர் அழுத்தித்தான் வாசித்தார். நானாக இருந்தால், "இருங்க ஆண்டவரே, இந்த வலைக்கு ஒரு கதை இருக்கு" என்று ஆரம்பித்திருப்பேன்.

கொத்தனாருக்கு மூச்சு வாங்குகிறது. அப்பத்தில் ஒரு துணுக்குத்தான் கொடுத்தேன், தண்ணீரோடு விழுங்கினான். கன்னம் ஒட்டிப்போய்க் கத்தி பிடிக்க மாட்டேன் என்கிறது. வாயில் காற்றை அடக்கி உப்பச் சொல்வேன் வழக்கமாக. இன்று காற்று நிற்கவில்லை. நானே விரலை உள்ளே விட்டுத் தள்ளிப் பிடித்துச் சவரம் செய்தேன்.

கதை கேட்டான். அரை மீசை மாப்பிள்ளை கதையை ஆரம்பித்தேன். கல்யாணத்து அன்று காலையில் என் சலூனில் ஒருத்தன் மீசை எடுக்க உட்கார்ந்தான். மகனுக்கு மீசை வேண்டாம் என்பது அவன் அப்பா கட்டளை. ஒரு பக்கம் எடுத்து முடித்த நேரம் பெண்ணுடைய அப்பா வந்து நிற்கிறார், "மீசையில்லாத ஆளுக்கு என் பொண்ணு இல்லை" என்று. மாப்பிள்ளை என் துண்டை வாயில் பொத்திக்கொண்டு கோயிலுக்கு ஓடினான். இதுவரை சொன்னேன். சிரிக்கப் போய் இருமல் பிடித்துக்கொண்டது. தங்கச்சி முறைத்தாள்.

"மிச்சம் அடுத்த வாரம்" என்றேன்.

"சீக்கிரம் வா மச்சான். உனக்காகச் சொல்லல. உன் நெஞ்சுல தொங்கிட்டு வர்றவருக்காகச் சொல்றேன். அவரை வழியில காக்க வைக்காதே."

பிப்ரவரி 1, ஞாயிறு

கொத்தனார் போயிட்டான். எழுத முடியல.

பிப்ரவரி 2, திங்கள்

இன்றைக்கு வாசித்தது கிழவர் சிமியோன். குழந்தை ஆண்டவரைக் கையில் ஏந்திக்கொண்டு, "பார்த்துவிட்டேன், இனி என்னைச் சமாதானமாகப் போக விடும்" என்கிறார். கோயிலில் எல்லார் கையிலும் மெழுகுவத்தி. என் கையிலிருந்ததை அணைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

நடந்ததை எழுதிவிடுகிறேன். வளைக்காமல்.

நேற்றுப் பூசை முடிந்து சிமிழோடு கிளம்பினேன். கோயில் கேட், இரும்புக்கடை, டீக்கடை, அப்புறம் திருப்பம், மாடிப்படி. அவ்வளவுதான் வழி. டீக்கடை பெஞ்சில் ரிட்டயரான பஸ் டிரைவர் உட்கார்ந்திருந்தார். "என்ன வாத்தியாரே, சலூன்ல பாதியில விட்டீங்களே, அந்த அரை மீசை என்னாச்சு? நாலு பேரு கேக்கக் காத்திருக்கோம்" என்றார்.

ஒரே ஒரு நிமிஷம் என்றுதான் நின்றேன். எல்லாக் கதையும் ஒரு நிமிஷம்தான், ஆரம்பிக்கும்போது. கையில் டீயைக் கொடுத்தார்கள். துண்டைப் பொத்திக்கொண்டு பீடத்தின் முன் நின்றதைச் செய்து காட்டினேன், சிரித்தார்கள். அவர்கள் சிரிக்கவும் நான் மாப்பிள்ளையின் தாய்மாமனைப் பற்றிச் சொன்னேன். அந்த ஆளுக்கும் இந்தக் கதைக்கும் சம்பந்தமே இல்லை. எவ்வளவு நேரம் நின்றேனோ, எனக்கே தெரியாது. குடிக்காத டீயில் ஆடை படிந்திருந்தது. அதை வைத்துத்தான் சொல்கிறேன். சிரிப்பில் நெஞ்சில் கை வைத்தபோதுதான் சிமிழ் தட்டுப்பட்டது.

மாடிப்படி ஏறும்போதே அழுகைச் சத்தம் கேட்டது.

கையைக் கட்டினபடியே கிடந்தான். வாய் கொப்பளித்த தண்ணீர்ச் செம்பு தலைமாட்டில்.

தங்கச்சி என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "ரெண்டு தடவை கேட்டாரு அண்ணே, வந்துட்டானா, வந்துட்டானான்னு. சன்னல்ல எட்டிப் பாத்தேன். டீக்கடை வாசல்ல உங்க முதுகு தெரிஞ்சுது. இதோ வந்துட்டாங்கன்னு சொன்னேன்."

என் முதுகு தெரிஞ்சுது.

பிறகு சொன்னாள்: "வந்ததுதான் வந்தீங்க. முகத்தையாவது வழிச்சு விடுங்க. இப்படியே பெட்டியில வைக்கக் கூடாது."

செய்தேன். இருபது வருஷமாகக் கை பழகின முகம். கழுத்தில் ஆண்டவர் தொங்குகிறார், நான் குனியும்போதெல்லாம் சிமிழ் அவன் நெஞ்சில் இடிக்கிறது. எடுத்துக் கொடுக்க முடியாது, இனி அவன் வாங்க முடியாது. அவ்வளவு கிட்டத்தில் வந்தும்.

கொண்டுபோனதை அப்படியே திரும்பக் கொண்டுவந்தேன். சாமியார் நற்கருணைப் பேழையைத் திறந்து உள்ளே வைத்தார். கொத்தனார் போயிட்டான் சாமி என்றேன். அதன்பிறகுதான் அவரும் அந்த வீட்டுக்கு ஓடினார்.

பிப்ரவரி 3, செவ்வாய்

இதை இன்றைக்குத்தானா வாசிக்க வேண்டும். கொத்தனாரை அடக்கம் செய்த நாளில்.

ஒருத்தர் மகள் சாகக் கிடக்கிறாள் என்று ஆண்டவரைக் கூப்பிடுகிறார். போகிற வழியில் ஒரு பெண் அவர் உடையைத் தொடுகிறாள். நின்றுவிடுகிறார். யார் தொட்டது என்று கேட்டுக்கொண்டு நிற்கிறார். அதற்குள் ஆள் வந்து சொல்கிறான், உங்கள் மகள் செத்துப்போனாள், இனி ஏன் போதகருக்குத் தொந்தரவு என்று.

அவரும் வழியில் நின்றாரே என்று ஒரு கணம் மனசு துள்ளியது. நாய் எலும்பைக் கவ்வுகிற மாதிரி அதைக் கவ்விக்கொண்டேன். பிறகு என்ன? அவர் நின்றது பன்னிரண்டு வருஷ நோயாளி ஒருத்தியை மகளே என்று கூப்பிட. நான் நின்றது ஒரு சிரிப்புக்கு. அவர் போய்ப் பெண்ணின் கையைப் பிடித்தார், எழுந்தாள். நான் போய்க் கத்தியைப் பிடித்தேன்.

பிப்ரவரி 7, சனி

சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தேன். முதல் தடவையாகச் சுருக்கமாகச் சொன்னேன். ஆண்டவரை நெஞ்சில் வைத்துக்கொண்டு கதையடித்தேன், ஒருத்தன் காத்திருந்து செத்தான்.

சாமியார் சொன்னார்: "அவர் போன மாசம்தான் எண்ணெய் பூசி நோயில்பூசுதல் வாங்கினார். சாகுறதுக்கு முந்தின ஞாயிறு நன்மை வாங்கினார். ஆண்டவர் உங்க நடையை நம்பி ஒருத்தரைக் கைவிட்டுடுவாரா?"

"விடமாட்டார் சாமி. ஆனா அவன் கேட்டானே."

"ஆமா. கேட்டாரு."

பொய் சொல்லித் தேற்றாதது நல்லதாகப் போயிற்று. மன்னிப்பு கொடுத்தார். "மன்னிப்பு கிடைச்சாச்சு. வருத்தம் போறது வேற விஷயம், அது மெதுவாத்தான் போகும்" என்றார். சாகிறவனுக்குக் கொடுக்கிற நன்மைக்கு வழியுணவு என்று பெயராம். கேட்காமல் இருந்திருக்கலாம். சிமிழைத் திருப்பிக் கொடுத்தேன். மேசையில் வைத்தார், பெட்டியில் வைத்துப் பூட்டவில்லை.

பிப்ரவரி 18, சாம்பல் புதன்

நெற்றியில் சாம்பல் வாங்கித் திரும்பினபோது தங்கச்சி எதிரே வந்தாள். ரெண்டு பேர் நெற்றியிலும் ஒரே சாம்பல். என்னைத் தாண்டிப் போனாள்.

சலூனில் நான் பேசுவதில்லை. டிரைவர் முடி வெட்ட வந்தார். எழுந்து போகும்போது, "நான் கூப்பிடாம இருந்திருக்கணும்" என்றார். "நான் நிக்காம இருந்திருக்கணும்" என்றேன். அடுத்து உட்கார்ந்த பையன் கேட்டான்: "என்னண்ணே, ரேடியோ ரிப்பேரா?"

வீட்டுக்காரி ராச்சாப்பாட்டில் சொன்னது: "இந்த வாய்க்கு ஒரு தாழ்ப்பாள் வேணும்னு நாற்பது வருஷமா வேண்டினேன். இப்படிப் போட வேண்டாம்னு யார்கிட்ட சொல்றது?"

பிப்ரவரி 24, செவ்வாய்

செபிக்கும்போது பிதற்ற வேண்டாம், அதிகம் பேசுவதால் கேட்கப்படும் என்று நினைக்க வேண்டாம் என்கிறார். கேட்டுக்கொண்டேன் ஆண்டவரே.

மார்ச் 5, வியாழன்

வாசித்தது பணக்காரன், வாசலில் கிடந்த ஏழை. தினமும் தாண்டிப் போன வாசல்தான், செத்த பிறகு தாண்ட முடியாத பள்ளமாகிவிடுகிறது.

மத்தியானம் சாமியார் முடி வெட்ட வந்தார். துணியைப் போர்த்தினதும் கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சொன்னார்: "கொத்தனார் வீட்டம்மா படியில வழுக்கிக் கால் பிசகிருச்சு. கோயிலுக்கு வர முடியல. நன்மை கேக்குறாங்க."

கத்தரிக்கோலை நிறுத்தினேன்.

"யாரை அனுப்பட்டும்னு கேட்டேன். உங்களைச் சொன்னாங்க."

"என்னையா? ஏன் சாமி?"

"அண்ணனுக்கு வழி தெரியும்னாங்க. வேற ஒண்ணும் சொல்லல."

மறுபடி வெட்ட ஆரம்பித்ததில் பின்பக்கம் ஒரு இடத்தில் கூடுதலாகப் போய்விட்டது. சாமியாருக்குத் தெரியாது. ஞாயிறன்று எல்லாருக்கும் தெரியும்.

மார்ச் 8, ஞாயிறு

சிமிழை மாட்டினார். நேரா போங்க என்று இந்த முறை சொல்லவில்லை.

கோயில் கேட். இரும்புக்கடை. டீக்கடையில் டிரைவர் இருந்தார். நான் நெஞ்சில் கையை வைத்தேன். எழுந்து பெஞ்சை வழியிலிருந்து இழுத்துப் போட்டுவிட்டுத் தலையைக் குனிந்து நின்றார். திருப்பம். சன்னலை நிமிர்ந்து பார்த்தேன். எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கையைக் கட்டிக்கொண்டு அவன் கட்டிலிலேயே உட்கார்ந்திருந்தாள். நன்மை கொடுக்கும்போது சொல்கிறபடி, இதோ கடவுளின் செம்மறி என்றேன். அப்பத்தை எடுத்து நீட்டினேன். வாங்கினாள். எதிர்ச்சுவர் சாய்ந்துதான் இருக்கிறது, அவன் சொன்னது சரி.

கிளம்ப எழுந்தேன்.

"அண்ணே. அன்னிக்கு என்ன கதை சொல்லிக்கிட்டு நின்னீங்க?"

ஒளிக்க முடியுமா? சொன்னேன். துண்டைப் பொத்திக்கொண்டு பீடத்தின் முன் நிற்கிறான். சாமியார் சம்மதமா என்கிறார். துண்டுக்குள்ளிருந்து ஏதோ சத்தம் வருகிறது. துண்டை எடுத்துவிட்டுச் சொல் என்கிறார். எடுக்கிறான். ஒரு பக்கம் மீசை, ஒரு பக்கம் வெறும் உதடு. கோயிலே மூச்சுப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. பெண் அவனைப் பார்த்தாள், தன் அப்பாவைப் பார்த்தாள், அவன் அப்பாவைப் பார்த்தாள். கேட்பதற்கு முன்னாலேயே, "எனக்குச் சம்மதம்" என்றுவிட்டாள்.

தாய்மாமனை இந்தத் தடவை விட்டுவிட்டேன்.

தங்கச்சி சிரிக்கவில்லை. சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டாள்: "இதுல மிச்சம் அவருக்குத் தெரியாதில்ல?"

"தெரியாது."

"அங்க போறப்போ நீங்களே சொல்லிக்குங்க. அவரு கேப்பாரு. அதுவரைக்கும் வழியில நிக்காதீங்க."

இன்றைய நற்செய்தியில் ஆண்டவர் கிணற்றடியில் உட்கார்ந்து ஒரு பெண்ணோடு நெடுநேரம் பேசுகிறார். தாகம் என்று கேட்டவர் தண்ணீர் குடித்ததாக எங்கேயும் எழுதவில்லை. பேசப் பேச அவருக்கு அது மறந்துவிட்டதோ, இல்லை அவளுக்கோ. சாமியாரிடம் கேட்க வேண்டும். கேட்காவிட்டாலும் பரவாயில்லை.

மார்ச் 15, ஞாயிறு

நேராகப் போனேன், திரும்பும்போது டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து டீயைச் சூடாகக் குடித்தேன்.