மெயின் ரோடு வீடியோ

நவம்பர் 4, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். காலி மனைகள் எல்லாம் சேறாகியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை ஷூட்டிங் சந்தேகம்தான்.

ஷூட்டிங் என்று பேர்தான் பெரிது. நான், என் ஸ்கூட்டர், பக்கத்து வீட்டு ஜெசிந்தா, அவள் கையில் என் போன். அவ்வளவே. 'ஸ்கூட்டர் கத்துக்கலாம் வாங்க' சேனல் ஆரம்பித்து அடுத்த மாதத்தோடு ஒரு வருடம். முப்பத்தொரு வீடியோ. பிரேக் பிடிப்பது, எட்டு போடுவது, புடவையோடு உட்காருவது, சைடு ஸ்டாண்டை மறக்காமல் இருப்பது என்று எல்லாம் சொல்லியாயிற்று. ஸ்டுடியோ ஆப்பைத் திறந்தால் பார்த்தவர்கள் எண்ணிக்கை ஏறிக்கொண்டுதான் இருக்கிறது. கருத்து மட்டும் ஒன்றுகூட இல்லை. ஒருத்தியாவது 'நல்லாருக்கு' என்று ஒரு வார்த்தை எழுதக் கூடாதா? வாய் வலிக்கப் பேசுகிறேன், ஜனங்கள் பேசாமல் பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

கிளினிக்கில் டோக்கன் கொடுத்துக்கொண்டே முடிவு செய்தேன். டிசம்பரோடு மூடுவிழா. சாயங்காலம் ஜெ.யிடம் சொன்னேன். அழுவாள் என்று பார்த்தால்,

"மூட்றதுன்னா மூடுக்கா. அதுக்கு முன்னாடி என் போன்லயும் அந்த ஸ்டுடியோவ தெறந்து குடு. ஒரு வருசமா போனப் புடிச்சிகினு நிக்கறேன், உள்ள இன்னா கீதுன்னு ஒரு நாளாவது காட்னியா?"

நியாயம்தான். உடனே அழைப்பு அனுப்பி 'மேலாளர்' பதவி கொடுத்தேன். சம்பளம் எவ்வளவு என்று கேட்கிறாள்.

வாங்க: துணி சோப்பு, பூண்டு, அவர் ஷூவுக்கு லேஸ்.


நவம்பர் 5, புதன்

மழை விட்டது. நல்ல வெயில்.

பதினோரு மணிக்கு ஜெ. போன். கிளினிக் நேரத்தில் கூப்பிடவே மாட்டாள். யாருக்கு என்ன ஆயிற்றோ என்று பதறி எடுத்தால்,

"அக்கா, 'கருத்துகள்'னு ஒரு எடம் கீது. அதுக்குள்ள 'நிறுத்தி வைக்கப்பட்டவை'ன்னு இன்னொண்ணு. எரநூத்திப் பதினேழுன்னு போட்ருக்குது. இன்னா இது?"

சேனல் ஆரம்பித்த இரண்டாவது வாரம் எவனோ ஒருவன் 'முதலில் சமையல் கற்றுக்கொள்' என்று எழுதியிருந்தான். வந்த கோபத்தில் அதை அழித்துவிட்டு, செட்டிங்கில் போய், எந்தக் கருத்தையும் நான் பார்த்து அனுமதித்த பிறகே வெளியே காட்டு என்று வைத்துவிட்டேன். கோபம் ஆறியதும் மாற்றிவிடலாம் என்று நினைத்தேன். கோபம் ஆறியது. மாற்ற மறந்துபோனேன். வந்த கருத்தையெல்லாம் ஆப் அந்த ஒரு மூலையில் தள்ளி வைத்திருக்கிறது, நான் ஒரு நாளும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. படித்த முட்டாள் நான்.

சாப்பாட்டு நேரத்தில் டிபன் பாக்ஸைத் திறக்காமலே படித்தேன். சிலவற்றை எழுதி வைக்கிறேன், மறந்துவிடாமல்.

– ஓசூர் டீச்சர் ஒருவர்: "பிரேக் பாடம் பார்த்தேன். இன்று பள்ளிக்கு வண்டியிலேயே போனேன். பஸ்ஸுக்கு டாட்டா."

– திருப்பத்தூர்: எட்டு போட்டு லைசென்ஸ் வாங்கிவிட்டாளாம்! லைசென்ஸில் உள்ள போட்டோ பேய் மாதிரி இருக்கிறதாம்.

– ஒரு ஆண்: "நான் சொல்லிக்கொடுத்தால் என் மனைவி சண்டைக்கு வருகிறாள். நீங்கள் சொன்னால் கேட்கிறாள். ரொம்ப நன்றி மேடம்."

– "போன் பிடிக்கிற அக்காவின் சிரிப்பு சூப்பர்." (இதை ஜெ. நான்கு முறை படிக்கச் சொன்னாள்.)

– மார்ச் மாதத்தில் ஒருத்தி: "அக்கா, மேட்டில் நிறுத்தினால் வண்டி பின்னால் போகுது. என்ன செய்யணும்? வெள்ளிக்கிழமை டெஸ்ட்." எட்டு மாதம் கழித்துப் பதில் போட்டேன். பிரேக்கை விடாமல் மெல்ல ஆக்சிலேட்டர் கொடும்மா, மன்னிச்சுக்கோ என்று.

கண்ணில் தண்ணீர், வாயில் கை. கன்னடக்கார டாக்டர் எட்டிப் பார்த்து, "ஏனாய்து ஷீலா? ஹல்லு நோவா?" என்றார். பல் கிளினிக்கில் அழுதால் பல்வலி என்றுதானே நினைப்பார்கள். ஆமாம் என்று தலையாட்டிவைத்தேன். 

பதினோரு மாதமாகக் கதவைத் தட்டியிருக்கிறார்கள். நான் உள்ளே உட்கார்ந்து, நம் வீட்டுக்கு யாருமே வரவில்லை என்று மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தேன். மூடுவிழா ரத்து. இன்றைக்கு என்னைப் போல சந்தோஷமான மனுஷி பெங்களூரில் கிடையாது.


நவம்பர் 6, வியாழன்

லேசான குளிர். ஸ்வெட்டர் எடுத்தாயிற்று.

எல்லாவற்றையும் அனுமதித்தோம், நாலைந்து கழிசடையைத் தவிர. அதை ஜெ. சந்தோஷமாகத் தன் கையாலேயே அழித்தாள். செட்டிங்கை மாற்றினேன். அறுபது பேருக்குப் பதில் எழுதியதில் கட்டைவிரல் வீங்கிவிட்டது.

படிக்கப் படிக்க ஒரு விஷயம் உறுத்த ஆரம்பித்தது. வேறு வேறு பெண்கள், வேறு வேறு ஊர், கேள்வி ஒன்றே. கிரவுண்டில் நன்றாக ஓட்டுகிறோம், மெயின் ரோட்டில் பயமாக இருக்கிறது, நீங்கள் மெயின் ரோட்டில் ஓட்டும் வீடியோ போடுங்கள் அக்கா. ஜெ. எண்ணிவிட்டாள். நாற்பத்து மூன்று பேர்.

"சும்மா போட்ரலாங்க்கா! சந்தாபுராலேந்து எலெக்ட்ரானிக் சிட்டி வரைக்கும். நான் பின்னாடி ஒக்காந்து புடிக்கறேன்."

சரி என்றேன். சிரித்துக்கொண்டேதான் சொன்னேன்.

இந்த நோட்டில் மட்டும் எழுதலாம். ஓசூர் ரோடு என்கிற அந்த மெயின் ரோட்டில் நான் ஒரு நாளும் வண்டி ஓட்டியதில்லை. லைசென்ஸ் வாங்கி ஆறு வருடம் ஆகிறது. கிளினிக், சர்ச், காய்கறிக் கடை எல்லாவற்றுக்கும் உள் ரோடு. மெயின் ரோடு வந்தால் பஸ், இல்லை அவர் பைக்கில் பின்னால். ஊருக்குத்தான் உபதேசம். நாற்பத்து மூன்று பேர் என்னை நம்பிக் கேட்கிறார்கள், நான் அவர்களில் நாற்பத்து நாலாவது ஆள்.

அவருக்கு மட்டும் தெரியும். எனக்கு 'உள் ரோடு ராணி' என்று பட்டமே கொடுத்திருக்கிறார். சாப்பிடும்போது சொன்னேன். ஷிப்ட் முடிந்து வந்த களைப்பிலும் ஐடியா பிறந்துவிட்டது.

"இதுக்கு ஏன்மே மூஞ்சத் தூக்கி வச்சிகினு கீற? வண்டிய நான் ஓட்றேன். கேமரா ரோட்ட மட்டும் பாக்கட்டும். நீ அப்புறமா வீட்ல ஒக்காந்து பேசி அதுமேல ஏத்திடு. யாருக்குத் தெரியப்போவுது?"

திட்டினேன். ஆனால் ஐடியா மோசமில்லை என்று மனசு சொல்லிக்கொண்டே இருக்கிறது.


நவம்பர் 8, சனி

நேற்று எழுதவில்லை. எழுத முகம் இல்லை. அவரோடு பேசி ஏறக்குறைய ஒப்புக்கொண்டுவிட்டேன்.

இன்று துணி காயப்போடும்போது ஜெ.யிடம் கொட்டிவிட்டேன். மெயின் ரோட்டில் ஓட்டியதில்லை என்பது, அண்ணன் ஓட்டப்போவது, குரல் மட்டும் என்னுடையது, எல்லாம். திட்டுவாள் என்று நினைத்தேன். வாயில் கவ்வியிருந்த கிளிப்பை எடுத்துக் கொடியில் மாட்டினாள்.

"தாமஸ் அண்ணா ஓட்னா நல்லாதான் ஓட்டும். ஆனா அந்த நாப்பத்து மூணு பேரும் அண்ணன் மாதிரி ஓட்டக் கேக்கலியேக்கா."

பிறகு அவளே, "நீ ஓட்டு, கீழ வுழுந்தா ரெண்டு பேரும் சேந்து வுழுவோம்" என்றாள். என்ன ஆறுதல்!

நாளை காலை. பூசை முடிந்ததும். அவரிடம் சொன்னேன், டயரில் காற்று பார்த்துவிட்டு வந்தார்.

டயர் – ஓகே. பெட்ரோல் – அரை டேங்க். போன் சார்ஜ். ஜெ.க்கு ஜெபமாலை வேண்டுமாம்.


நவம்பர் 9, ஞாயிறு

பனி. ஏழரைக்குக் கிளம்பினோம். ஞாயிறு என்றால் ஓசூர் ரோடு காலியாக இருக்கும் என்று சொன்னவர் யார்? அவரைப் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டு பஸ், காய்கறி லாரி, கம்பெனி கேப், எல்லாம் என் மேலேயே வருகிற மாதிரி.

சந்தாபுராவைத் தாண்டும்போது நன்றாகத்தான் பேசினேன். "இப்ப இடது ஓரமா போறோம், கண்ணாடி பாக்கறோம், இண்டிகேட்டர் போடறோம்." பொம்மசந்திரா வந்ததும் தலைக்கு மேல் மெட்ரோ, பக்கத்தில் டேங்கர் லாரி. பேச்சு நின்றுபோனது. பின்னால் ஜெ. "அருள் நிறைந்த மரியே"வை ஓட்டமாக ஓட்டிக்கொண்டிருந்தாள்.

ஹெப்பகோடி பக்கம் ஒரு சிக்னல். பச்சை விழுந்தது. கை திருகவில்லை. திருகு என்று நான் சொல்கிறேன், கை கேட்கவில்லை. பின்னால் அத்தனை வண்டியும் ஹாரன். பஸ்ஸிலிருந்து கண்டக்டர், "ஹோகம்மா, ஹோகு!" என்று விரட்டினார். இறங்கித் தள்ளி ஓரத்துக்குக் கொண்டுபோய் ஸ்டாண்ட் போட்டேன். அப்புறம் அழுதேன். நாற்பத்தேழு வயதில், மெட்ரோ தூணுக்குக் கீழே, சர்ச்சுக்குக் கட்டிய பட்டுப்புடவையோடு. 

ட்ராபிக் போலீஸ் அம்மா ஒருவர் வந்தார். "யாக்கம்மா? காடி கெட்டோய்தா?" வண்டி கெட்டுப்போய்விட்டதா என்கிறார்.

"காடி செனாகிதெ மேடம். எங்க அக்காதான் கெட்டுப்போச்சு" என்றாள் ஜெ., பாதி கன்னடம் பாதி தமிழில்.

அந்த அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். நாலு நல்ல வார்த்தை சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். இங்கே நிறுத்தக்கூடாது, எடுக்காவிட்டால் ஃபைன் என்றார்! வந்த ரோஷத்தில் அழுகை நின்றது. ஸ்டாண்டை எடுத்தேன், ஸ்டார்ட் செய்தேன், கை திருகியது. போலீஸ் பயம் லாரி பயத்தை விழுங்கிவிட்டது போலிருக்கிறது.

அதற்குப் பிறகு எலெக்ட்ரானிக் சிட்டி வரைக்கும் நிற்கவே இல்லை. நான்! ஓசூர் ரோட்டில்! மசால் தோசை இரண்டு, பை-டூ காபி. ஜெ. தன் பாதிக் காபியையும் எனக்கே கொடுத்தாள். திரும்பி வரும்போது டேங்கர் லாரி ஒன்றை ஓவர்டேக் செய்தேன் என்பதை இங்கே பதிவு செய்கிறேன். அது நின்றுகொண்டிருந்தது என்பது வேறு விஷயம்.


நவம்பர் 10, திங்கள்

கிளினிக் லீவு. வீடியோவை ஏற்றி, வெளியிடாமல் வைத்துப் பார்த்தேன். இருபத்தாறு நிமிடம். ஜெ. சிக்னலில் போனை அணைக்க மறந்திருக்கிறாள். என் செருப்பு, பின் சக்கரம், தார் ரோடு, அதன் மேல் என் அழுகைச் சத்தம். மூன்று நிமிடத்துக்கு அதுவேதான். நடுவில் ஒரு முறை போனை நிமிர்த்தியிருக்கிறாள். மை கரைந்து, மூக்கு சிவந்து, சகிக்கவில்லை.

அவரும் பார்த்தார். அந்த இடம் வந்ததும் சிரிக்கவில்லை. மெதுவாக, "அத மட்டும் எடுத்துடு ஷீலா. பாக்கறவங்க கேலி பண்ணுவாங்க" என்றார்.

எடிட்டரில் அந்த மூன்று நிமிடத்தை வெட்டினேன். வெட்டியதைப் போட்டுப் பார்த்தால், சிவப்பில் நிற்கிறேன், அடுத்த நொடி பறக்கிறேன். ஓசூர் ரோட்டிலேயே பிறந்து வளர்ந்தவள் மாதிரி. பார்க்க அழகாக இருந்தது. அதைப் பார்த்தால், மெயின் ரோடு என்ன பெரிய விஷயமா என்று அந்த நாற்பத்து மூன்று பேரும் நினைப்பார்கள். நமக்குத்தான் தைரியம் இல்லை என்றும் நினைப்பார்கள். 

வெட்டியதைத் திரும்பச் சேர்த்தேன். வெட்கமாக இருந்தது, இப்போதும் இருக்கிறது.

தம்ப்நெயில் ஜெ. செய்தாள். பூ எல்லாம் ஒட்டியிருந்தாள், எடுக்கச் சொன்னேன். சாயங்காலம் ஐந்தரைக்கு வெளியிட்டோம். போனைக் கவிழ்த்துவைத்துவிட்டு இருவரும் பட்டாணி உரித்தோம்.


நவம்பர் 11, செவ்வாய்

வெயில். கிளினிக்கில் கூட்டம், மதியம்தான் திறக்க முடிந்தது.

எத்தனை பேர் எதுவரை பார்த்தார்கள் என்ற கோடு எப்போதும் மாடிப்படி மாதிரி இறங்கிக்கொண்டே போகும். இதில் பன்னிரண்டாவது நிமிடத்தில் ஏறியிருக்கிறது. அழுத இடம். திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். அவர் சொன்னதுதான் சரி, கூட்டம் கூடிச் சிரிக்கிறார்கள் என்று நினைத்தேன். கருத்துகளைத் திறக்காமல் இரண்டு பேருக்கு டோக்கன் கொடுத்தேன். அப்புறம் திறந்தேன்.

எண்பத்தாறு. மேலே இருந்தது தர்மபுரிப் பக்கத்துப் பெண் ஒருத்தியுடையது:

"அக்கா, நீங்க அழுததை மூணு தடவை பார்த்தேன். எனக்கு மட்டும்தான் கை வராதுன்னு இருந்தேன். ரெண்டு வருஷமா வண்டி சாவி ஃபிரிட்ஜ் மேலதான் கெடக்கு. இப்ப எடுத்துட்டேன். வாசல்ல நிக்கறேன்."

அவள் அதைப் போட்டு நாலு நிமிடம்தான் ஆகியிருந்தது. என்ன எழுதுவது? என்னென்னவோ அடித்து அடித்து அழித்தேன். அதற்குள் கிளம்பிவிடுவாளே என்று அவசரமாக, 'ஹெல்மெட் போட்டுக்கோம்மா' என்று மட்டும் அனுப்பினேன்.