கமலம் வீட்டுக் கைப்பம்பு

அன்பு மாப்பிள்ளை,

எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் சிரிப்பாய். சிரித்துக்கொள். கேட்காமல் இருக்க எனக்கு வரவில்லை.

மெர்லிமாவ் பக்கம் மேகம் கறுத்துவிட்டது. தீபாவளிக்கு இன்னும் பத்து நாள். நீ போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் முடியாததால் நம் இரண்டு வீட்டிலும் இந்தத் தடவை பலகாரம் இல்லை. ஆனால் மழைக்கு அதெல்லாம் தெரியுமா? வந்துவிடும். கம்யூனிஸ்ட் பயத்தில் வெள்ளைக்காரர்கள் நம் லயத்து வீடுகளையே பெயர்த்து முள்வேலிக்குள் கொண்டுவந்து வைத்தார்களே, அதில் என் தங்கை கமலம் இருப்பது இன்னும் அதே கடைசி வீடு, அதே பள்ளம்.

தரைக்கடியில் ஊறும் தண்ணீரை வெளியேற்ற அடுப்படிக்குப் பின்னால் நீ குழி தோண்டி, ஆலையில் கழித்துப்போட்ட கைப்பம்பை இறக்கி வைத்தாய் அல்லவா? மழைக்கு முன் அதைத் தயார் செய்ய ஞாயிற்றுக்கிழமை போனேன். வாசல்வரை போய் இரண்டு தரம் திரும்பி வந்தேன். ஏனென்று உனக்குத் தெரியும்.

போன வருஷம் வாஷர் தேய்ந்தபோது நீ என்ன சொன்னாய்? "தோலுதான் வேணும் மச்சான். லாரி எடுத்துக்கிட்டு டவுனுக்குப் போறப்ப வாங்கிட்டு வந்துடறேன்." நான் கேட்டேனா? ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைக்கூடத்தில் வேலை செய்கிறவன் என்ற திமிர். "ரப்பர் தோட்டத்துல இருந்துகிட்டு ரப்பருக்குப் பஞ்சமா லா?" என்று, காய்ந்த ஷீட்டில் ஒரு வட்டம் வெட்டி, தேங்காயெண்ணெய் தடவி நானே மாட்டினேன். எண்ணெயில் ரப்பர் ஊதிப் பிசுபிசுக்கும் என்பது எனக்கு அப்போது தோன்றவே இல்லை. புகைக்கூடத்து ஆளாம்!

பெருமழை வந்த அன்று பகல் முழுக்க ஊரடங்கு. யாரும் வெளியே தலைகாட்ட முடியாது. பம்பு இறுகிக்கொண்டது. குழிக்குள் இறங்கி நின்று நீ ஒற்றை ஆளாய் வாளியால் இறைத்தாய். நாலு வீடு தள்ளி நான் கதவிடுக்கில் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மறுநாள் உனக்குக் காய்ச்சல். எட்டாம் நாள் நீ இல்லை.

வாஷர் விஷயத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை, மாப்பிள்ளை.

ஞாயிற்றுக்கிழமை குழிச் சேற்றை வாரிக் கொட்டினேன். தண்ணீர் போகும் குழாயைக் குத்திவிட்டேன். பம்பைப் பிரிக்கக் குனிந்தபோது கமலம் கோப்பியோடு வந்து நின்றாள்.

"அண்ணே, அது அடைச்சுக்கிட்டது என்னாலதான்" என்றாள். "அவரு வேணாம்னு சொல்லியும் அரிசி களைஞ்ச தண்ணி, கஞ்சி எல்லாம் அந்தக் குழியிலதான் ஊத்துவேன். அவரு ஒரு வார்த்தை திட்டலண்ணே. திட்டியிருக்கலாம்ல?"

அடிப் பாவி! இத்தனை மாதமாய் இதைச் சுமந்துகொண்டா நடமாடினாள்? நீயாவது சொல்லியிருக்கக் கூடாதா? காய்ச்சலில் பிதற்றியபோதுகூட என் பெயரை எடுக்கவில்லையே, ஏன்? அவள் என்னைத் திட்டித் தீர்த்திருப்பாள். தன்னையே தின்றிருக்க மாட்டாள்.

பேசாமல் தலையாட்டிவிட்டு வந்திருக்கலாம். ஒரு நொடி அப்படித்தான் நினைத்தேன், உன்னிடம் மறைக்க மாட்டேன். பிறகு பம்பைப் பிரித்து, உள்ளே ஒட்டிக்கிடந்ததைக் கத்தியால் சுரண்டி எடுத்து அவளிடம் நீட்டினேன்.

"உன் கஞ்சி இல்லம்மா. இது ரப்பர். அவரு தோலு வேணும்னு சொன்னாரு, நான்தான் கேக்காம இதை மாட்டினேன். எண்ணெயில ஊறிப் பிடிச்சுக்கிச்சு."

அதை உற்றுப் பார்த்தாள். கோப்பியைத் திரும்ப எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அவ்வளவுதான், இனி இந்த வீட்டில் எனக்கு ஒரு வாய்த் தண்ணீர்கூடக் கிடையாது என்று நினைத்தேன். சாமான்களை எடுத்து வைத்தபடி, "அடுத்த வாரம் டவுனுக்குப் போயி தோலு வாங்கியாறேன்" என்றேன், யாருக்கோ சொல்வதுபோல்.

"மழை அதுவரைக்கும் காத்துக்கிட்டிருக்குமா?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. பின்னாலேயே அவளும் வந்தாள். கையில் நீ லாரி ஓட்டக் காலில் போட்டுக்கொள்ளும் தோல் சப்பாத்து. யாரையும் தொடவிடாமல் கட்டிலுக்கடியில் வைத்திருந்தாளே, அது.

"இதுல வெட்டுண்ணே" என்றாள். அழுதுகொண்டேதான் சொன்னாள். "அவருக்குக் காலு பெருசு. அடுத்த வருஷத்துக்கும் சேத்து வரும்."

கத்தியைத் தீட்டிக்கொண்டேன். அவள் சப்பாத்தைப் பிடித்துக்கொள்ள, நான் வெட்டினேன். மாட்டிவிட்டுத் தண்ணீர் ஊற்றி அடித்துப் பார்த்தோம். நாலாவது அடியில் வேலிக்கு அந்தப்பக்கம் போய்க் கொட்டியது.

இன்னொரு கால் சப்பாத்து பத்திரமாக இருக்கிறது. ஒவ்வொரு மழைக்கும் முன்னால் அந்தப் பம்பை நானே பிரித்து மாட்டுவேன். கமலம் வீட்டுத் தரையை நனையவிட மாட்டேன், இது சத்தியம்.

நீ காட்டிக்கொடுக்காத உன் மச்சான்,
சின்னையா