மேலே சிறுத்த புத்தக அலமாரி

ஞாயிறு, இரவு

புத்தக அலமாரியை இன்று ஹாலில் நிறுத்திவிட்டேன். கீழே கதவு போட்ட அகலமான பெட்டி, அதன்மேல் ஐந்து தட்டுகள். மேலே போகப்போக ஒவ்வொரு தட்டும் உயரம் குறைந்துகொண்டே போகும். கண்ணுக்கு அதுதான் அழகு என்று நானே வரைந்து, நானே பலகை அறுத்துச் செய்தது.

என் மனைவி வசந்தா எஸ்டேட் பாலர் பள்ளி டீச்சர். அவளுடைய படக்கதைப் புத்தகங்கள் இந்த மலை ஈரத்தில் பூஞ்சணம் பிடிப்பதைப் பார்த்துத்தான் இந்த வேலையில் இறங்கினேன். இன்று ஆசையாக ஒரு புத்தகத்தைக் கீழ்த்தட்டில் வைத்தாள். உயரம் போதாமல் நிற்கவில்லை. படுக்க வைத்தாள். பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

“என்னங்க, எந்த புத்தகத்த அளந்து செஞ்சீங்க?”

நான் அலமாரியை மட்டும்தான் அளந்திருந்தேன்.

“பாக்க எப்படி இருக்கு, அத சொல்லு லா.”

“பாக்க ரொம்ப நல்லாத்தான் இருக்கு.”

புத்தகமெல்லாம் கீழ்ப்பெட்டிக்குள் போயின. மேல்தட்டுகளில் பிஸ்கட் டின்னும் கல்யாணத்துக்குப் பரிசாக வந்த கோப்பைகளும் ஏறின. பக்கத்து வீட்டு லெட்சுமி அக்கா வந்து பார்த்து அசந்துபோனார்.

“தம்பி, கப்பு வைக்க இவ்ளோ அழகா ஒன்னு ரிங்லெட் டவுன் கடையில கூட நான் பாத்ததில்ல. எனக்கும் ஒன்னு செஞ்சு குடு லா!”

சரி என்று தலையாட்டிவிட்டேன். வசந்தா அவசரமாக அடுப்படிக்குள் போனாள். அங்கிருந்து வெகுநேரம் இருமல் சத்தம் கேட்டது. அவளுக்குச் சளி எதுவும் கிடையாது.

இப்போது கீழ்க்கதவைத் திறந்து வைத்து, தரையில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கிறாள். மாற்றிச் செய்யுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் இந்நேரம் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.