வட்டமிடாத துளை

நேற்று சென்னையிலிருந்து ஒரு பெண் பொறியாளர் வந்திருந்தாள். செயற்கைக்கோள் படங்களை வைத்துக் கல்வராயன் மலையின் கனிம வரைபடத்தைப் புதிதாகத் தயாரிக்கிறார்களாம். என் கணவர் விட்டுப்போன, விமானத்திலிருந்து எடுத்த பழைய வான்படங்களைக் கேட்டாள். தகரப் பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்து ஜன்னலோரம் பிடித்தேன். ஒரு சின்னத் துளை வழியாக வெயில் தெரிந்தது. நீ போட்ட துளை.

அப்போது கள்ளக்குறிச்சியில் வாடகைக்கு இருந்தோம். அவர் மலையில் பாக்சைட் தேடும் குழுவில் நிலவியலாளர். கான்வென்டில் பழகிய கையெழுத்து என்பதால், வரைபடங்களுக்கு மை போட்டு முடிப்பது என் வேலை. மலையில் கல் மாதிரிகளைச் சுமப்பவள் நீ. வாரம் ஒருமுறை மூட்டைகளோடு ஜீப்பில் வந்து இறங்குவாய். ஒவ்வொரு மூட்டையின் சீட்டையும் நான் இரண்டு முறை சரிபார்ப்பேன். "அம்மா கல்லப் பாத்து மட்டும்தாங்க சிரிக்கிறாங்க" என்று அவரிடம் சொல்வாய்.

ஒருநாள், மேடுபள்ளத்தை எழும்பித் தெரியவைக்கும் இரட்டைக் கண்ணாடியின் கீழ் இரண்டு வான்படங்களை வைத்து உன்னைப் பார்க்கச் சொன்னார். "மல எய்ந்துக்கினு வருதுங்க" என்று பின்வாங்கினாய். மறுபடி குனிந்தவள் வெகுநேரம் நிமிரவில்லை. பிறகு இடம் குறிக்கும் என் ஊசியை எடுத்து, படத்தில் ஒரு மரத்தடியில் குத்தினாய்.

"இந்த மரத்தாண்டதாம்மா எம் பொண்ணு கீது. மூணு மாசத்துலயே போயிடிச்சி."

நேரில் பார்த்துச் சரிபார்த்த இடத்தில்தான் ஊசி குத்த வேண்டும். படத்தைத் திருப்பி, துளையைச் சுற்றி வட்டமிட்டு, என்ன இடம் என்று எழுத வேண்டும். அது எங்கள் விதி. படத்தைக் கெடுத்துவிட்டாய் என்று கடிந்துகொண்டேன். பார்க்காததை வரையமாட்டேன் என்றேன்.

"அப்ப வந்து பாருங்க" என்றாய். அடுத்த வாரம் ஜீப்பில் வருவதாகச் சொன்னேன்.

அந்த வாரம் இட ஒதுக்கீட்டுப் போராட்டம் மூண்டது. சாலையெங்கும் மரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். சேலம் போன அவர் அங்கேயே மாட்டிக்கொண்டார். நீ மட்டும் கிடந்த மரங்களைத் தாண்டித் தாண்டி, ஒரு பகல் முழுக்க நடந்து வந்து என் வாசலில் நின்றாய்.

"ஜீப்பு இன்னாத்துக்கும்மா? நான் கூட்டிக்கினு போறேன், நடங்க."

"வழி திறக்கட்டும்."

"எனக்குத் தொறந்துதான கீது" என்றாய்.

இப்போதாவது உண்மையைச் சொல்கிறேன். தூரமும் காரணமில்லை, பயமும் காரணமில்லை. ஊர் பார்க்க உன் பின்னால் வரப்பில் நடப்பது எனக்குக் கௌரவக் குறைவாக இருந்தது.

வழி திறந்ததும் முதலில் வந்தது அலுவலக ஜீப். வரைபடத்தை வாங்கிக்கொண்டு போனது. அந்த மரத்தடி அதில் வெறும் நிலம். கோடையில் சோதனைக் குழி தோண்ட வந்தவர்கள் வெறும் நிலமாகப் பார்த்துத்தான் அங்கே தோண்டினார்கள்.

கடைசியாக நீ வந்தபோது மூட்டை இல்லை. "நான் காட்டனேனேம்மா" என்று மட்டும் சொன்னாய். தண்ணீர் கொடுத்தேன், வாங்கவில்லை. பிறகு நீ என் வீட்டுக்கு வரவேயில்லை. நீ இறந்த செய்தியும் பல மாதம் கழித்துத்தான் எனக்கு வந்தது, வடக்கனந்தலில் பார்த்த உன் ஊர்க்காரர் ஒருவர் சொல்லி.

"பூச்சி அரிச்சிருக்கா மேடம்?" என்று சென்னைப் பெண் துளையைக் காட்டிக் கேட்டாள். இல்லை, அங்கே ஒரு குழந்தையைப் புதைத்திருந்தார்கள் என்றேன். அவள் தன் திரையில் அந்த இடத்தைத் தேடிப் பிடித்து ஒரு புள்ளி வைத்தாள்.

"பேர் என்ன போடட்டும் மேடம்?"

நான் படத்தைத் திருப்பினேன். துளையைச் சுற்றிப் போட்ட வட்டம் சரியாகவே வந்தது. பேனாவை அதன் பக்கத்தில் வைத்த பிறகுதான் தெரிந்தது, உன் மகளின் பெயரை நான் உன்னிடம் கேட்டதே இல்லை.

மற்ற படங்களைக் கொடுத்தனுப்பிவிட்டேன். இது மட்டும் மேசைமேல் இருக்கிறது, வட்டத்துக்குப் பக்கத்தில் எழுத இடம் விட்டு.