லிஸி டீச்சர் மகளின் கவுன்

ஈஸ்டருக்குப் பிந்திய பாஸ்கா காலம், மூன்றாம் ஞாயிறு. இரவு.

காலையில் வேதபாட வகுப்பு முடிந்து என் மகள் ஜெனி அழுதுகொண்டே வந்தாள். லிஸி டீச்சர் எல்லாப் பிள்ளைகள் முன்னாலும் அவளை எழுப்பி நிறுத்தி, "அச்சன் அம்பலத்துக்குப் போகும், மகள் சர்ச்சுக்கு வரும். இது எந்து விசுவாசம்?" என்று கேட்டிருக்கிறாள். பிள்ளைகள் சிரித்திருக்கிறார்கள். ஜெனியின் அப்பா கோவிலுக்குப் போகிறவர்தான். ஆனால் ஞாயிறு தவறாமல் ஜெனியை ஸ்கூட்டரில் கொண்டுவந்து சர்ச் வாசலில் விடுகிறவரும் இவர்தான்.

டீச்சர் தன் மகள் முதல்முறை நற்கருணை வாங்கும் புதுநன்மைக்குக் கவுன் தைக்கத் தந்த வெள்ளைத்துணி என் தையல் மேசையில் இருந்தது. இன்னும் வெட்டவில்லை. மத்தியானம் அதை மடித்து எடுத்துக்கொண்டு, மட்டாஞ்சேரி வெயிலில் அவள் வீட்டுக்கு நடந்துபோய், அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்தேன்.

"சேச்சி, புதுநன்மைக் குர்பானைக்கு ரெண்டு ஆழ்ச்சை, பதினாலு நாள்தான் இருக்கு. இனி ஆரு தைக்கும்?"

"கோவிலுக்குப் போறவர் பொண்டாட்டி தைச்ச கவுன் உங்க மகளுக்கு எதுக்கு டீச்சர்?"

அவள் முகம் வெளுத்துப் போயிற்று. பின்னால் அவளுடைய மகள் துணியையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் திரும்பி நடந்தேன். வழியெல்லாம் மனசு இனித்தது. இப்போதும் இனிக்கிறது. இந்த டைரியில் பொய் எழுத மாட்டேன்.

சாயங்காலம் ஜெனியோடு முழந்தாளிட்டு ஜெபம் சொன்னேன். தீமை செய்தவர்களை மன்னிக்கிறோம் என்ற இடம் வந்தபோது நான் வாயைத் திறக்கவில்லை. ஜெனி என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு அவளும் அதை விட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போனாள்.